ஒரு கட்டைவிரல் வாசல்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பினால் போதும், கொடியில் காயும் துணியை எடுக்கும் முன்பே எனக்குக் கொல்லையில் இருக்கும் தேன்பெட்டி ஞாபகம் வந்துவிடும். அது என் அம்மா வீட்டிலிருந்து கடைசியாக வந்த சீர்.

கம்மாபுரம் பக்கம் எங்கள் வீடும் நிலமும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது, கிணற்றுச் சுவர்ப் பொந்தில் வருஷக்கணக்காகக் குடியிருந்த தேனீக்களை என் அண்ணன் ஒரு மரப்பெட்டியில் பிடித்து வைத்தான். அவன் குடிபோன வாடகை வீட்டில் பெட்டி வைக்க இடமில்லை. ஈரச்சாக்கைப் போர்த்தி லோடு ஆட்டோவில் ஏற்றி, விருத்தாசலத்தில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். அந்த வீட்டில் பிறந்ததில் மிச்சம் நான், அண்ணன், இந்தப் பூச்சிகள், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் பீங்கான் பட்டறையில் சூளை எரிக்கிற வேலையில் இருந்தார். "எல்லாருக்கும் மாமியார் வூட்டுல மோதிரம் போடுவாங்க. எனக்குக் கொட்டுற சீரு வந்திருக்குது" என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே தவிர, எறும்பு ஏறாமல் இருக்கப் பெட்டி ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றியது அவர்தான். எல்லாம் பட்டறையில் கழித்துப் போட்ட சாமான். ஒன்று காது உடைந்த கப்பு, ஒன்று ஊறுகாய் ஜாடி மூடி. நாலும் நாலு தினுசு.

முதல் வருஷமே புயல் வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். பெட்டியின் வாசல் கிழக்கே பார்த்திருந்தது. சாரல் நேராக உள்ளே அடிக்கும். இடத்தை மாற்றினால் தேனீக்கள் பழைய இடத்துக்கே வந்து சுற்றித் திரியும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அம்மா வீட்டு மிச்சம் இந்த ஒரு மழையில் போய்விடுமோ என்று பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

"நான் பாத்துக்கிறேன், நீ போயி ஒலைய வையி" என்றார் வீட்டுக்காரர்.

பட்டறையில் சூளைக்குள் சாமான் அடுக்கி முடித்ததும் வாசலைக் கல் வைத்து அடைத்து, களிமண் குழைத்துச் சந்து விடாமல் பூசுவார்கள். கொஞ்சம் இடம் இருந்தாலும் சூடு தப்பிவிடும். பிறகு குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் நெருப்பு வைப்பார்கள். நான் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தால், அதே கையால் என் பெட்டியைப் பூசி முடித்திருந்தார். மூடியைச் சுற்றி, அடிப்பலகையைச் சுற்றி, வாசலையும் சேர்த்து. மேலே தகரம், தகரத்தின் மேல் கல், டயர் டியூபால் ஒரு கட்டு. நடுவில் குங்குமப் பொட்டு வேறு. எனக்கும் பார்க்க நிம்மதியாகத்தான் இருந்தது.

"ஒரு சொட்டு தண்ணி உள்ள போவாது" என்றார். போகவில்லைதான்.

விடிந்ததும் குடையோடு போய்ப் பெட்டியில் காதை வைத்தேன். வழக்கமாகக் கேட்கும் இரைச்சல் இல்லை. அடியில் எங்கோ ஒரு முனகல். தோசைத் திருப்பியால் வாசல் மண்ணை நோண்டினேன். சோற்றுப் பானையைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. கட்டை அவிழ்த்து, மண்ணைப் பெயர்த்து மூடியைத் தூக்கினால் உட்பக்கமெல்லாம் வேர்த்துச் சொட்டியது. மழை நனைக்காததை அவற்றின் மூச்சே நனைத்திருந்தது. அடிப்பலகையில் கை கொள்ளாமல் செத்துக் கிடந்தன.

"என்னா பண்ணி வச்சிருக்கீங்க! இது என்னா சூளையா? உள்ள உசுரு இருக்குதுங்க!"

கத்தினேன், அழுதேன். அவர் மழையில் நின்றபடி மிச்ச மண்ணை நகத்தால் சுரண்டி எடுத்தார். அன்றைக்கு வேலைக்கும் போகவில்லை.

ராணித் தேனீ பிழைத்திருக்குமா என்று அண்ணனுக்குப் போன் போட்டேன். "பொட்டிய சும்மா சும்மா தொறக்காத. வெயில் வரட்டும். கால்ல பூவோட மஞ்சப்பொடி ஒட்டிக்கிட்டு உள்ள போவுதான்னு பாரு. போனா ராணி இருக்குது, குஞ்சுக்குத் தீனி போவுதுன்னு அர்த்தம்" என்றான்.

அதற்கப்புறம் இவர் ஷிப்டு முடிந்து வந்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகக் கொல்லைக்குத்தான் போவார். டீயை அங்கேயே கொண்டுபோய் வைப்பேன். கோபம் ஆறாததால் டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பேன். ஒருநாள் வெயில் காய்ந்தது.

"இந்தா, ஓடியா, ஓடியா!"

ஓடினேன். காலில் மஞ்சளை அப்பிக்கொண்டு ஒன்று உள்ளே போயிற்று. பின்னாலேயே இன்னொன்று.

"ஒங்க வூட்டு சீரு பொழச்சிக்கிச்சு" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஒவ்வொரு ஐப்பசியிலும் அவரே களிமண் குழைத்தார். மூடிக்கு மண் கிடையாது. வாசலுக்கு மட்டும் ஒரு பூச்சு. ஈரம் காய்வதற்குள் நடுவில் தன் கட்டைவிரலை அழுத்தி ஒரு வழி வைப்பார். சாரல் அடிக்காது, மூச்சும் முட்டாது. "இது என் வெரலு கணக்கு, ஒரு வருசமும் தப்பாது" என்று பெருமை வேறு.

அவர் காலமாகி இது இரண்டாவது மழைக்காலம். போன வருஷம் அண்ணன் வந்து வாசலுக்கு மேலே சாரல் மறைக்க ஒரு பலகையை அடித்துவிட்டுப் போனான். இந்த வருஷம் நானே மண்ணைக் குழைத்துப் பூசி, அவர் செய்தது போலவே கட்டைவிரலை அழுத்தினேன். வெளியே போயிருந்த தேனீக்கள் திரும்பி வந்து, அந்த வழி போதாமல் வாசலில் முட்டிக்கொண்டு நின்றன. அவர் வைத்த மாதிரிதானே வைத்தேன் என்று குனிந்து பார்த்தேன். பிறகு பக்கத்திலேயே ஒட்டினாற்போல் இன்னொரு தடவை அழுத்தி வழியை அகலமாக்கினேன். ஒவ்வொன்றாக உள்ளே போயின.

அவர் விரல் அவ்வளவு பெரியது என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமலே போயிற்று.