செசிலி வீட்டுக் குடில்

செசிலி பிடிவாதக்காரி என்று ஊரே சொல்லும். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பதினெட்டு வருஷமாகச் சமைக்கிறாள். புழுத்த பருப்பு வந்துவிட்டால், தலைமையாசிரியரே வந்து கெஞ்சினாலும் அதை உலையில் போட மாட்டாள். அப்படிப்பட்டவள் இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடில் வைத்தே தீருவேன் என்று நின்றாள்.

ஆடிப்பெருக்கு முடிந்த மறுவாரம், கொள்ளிடத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனபோது, குளிக்க இறங்கிய அவள் மகன் ஜெரோம் திரும்பி வரவில்லை. இருபத்து நாலு வயசு. ஒரே பிள்ளை. தீயணைப்புக்காரர்கள் ஐந்து நாள் தேடினார்கள். ஆறாம் நாள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உடல் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்பதைத்தான் செசிலி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எங்கேயாவது கரை ஒதுங்கி, தலையில் அடிபட்டு, ஊர் பேர் மறந்து கிடக்கலாம் இல்லையா? வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போய், மணலில் படுத்துக் கிடந்த இளவட்டங்களின் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். முப்பதாம் நாள் பூசை என்று பேச்செடுத்த நாத்தனாரை வீட்டைவிட்டே விரட்டினாள்.

எழவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் நட்சத்திரம் கட்டுவதில்லை, குடில் வைப்பதில்லை. யாரும் எழுதிவைத்த சட்டமில்லை. ஆனாலும் அந்தத் தெருவில் எவரும் மீறியதில்லை. குடில் வைக்காமல் விட்டால் பிள்ளை செத்துவிட்டான் என்று பெற்றவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? குடிலைச் சுற்றிப் புல்வெளிபோல் பச்சை வைக்க, டிசம்பர் பிறந்த அன்றே அலுமினியத் தட்டில் வயல் மண்ணைக் கொட்டி, முளைகட்டிய நெல்லைத் தூவினாள்.

"ஊரு என்ன சொல்லும் செசிலி?" என்றான் புருஷன் மிக்கேல்.

"ஊரா பெத்துச்சு? நான்தானுங்களே பெத்தேன்!"



குடிலுக்கு நெல் தூவுவது எப்போதும் ஜெரோம்தான். எத்தனை நாள் முன்னால் தூவ வேண்டும் என்ற கணக்கு அவனுக்குத்தான் தெரியும். இவள் அவசரப்பட்டுவிட்டாள். குடில் கட்டிய அன்று நாற்று சாண் உயரம் நின்றது. குடிலில் வைத்த பொம்மை ஆடுகள் அதற்குள் காணாமல் போயின. மூன்று ராஜாக்களுக்கும் கிரீடம் மட்டும் தெரிந்தது. கத்தரிக்கோலை எடுத்தவள், பச்சையை வெட்ட மனசு வராமல் வைத்துவிட்டாள்.

இருபத்து மூன்றாம் தேதி, பொழுது சாய்கிற வேளையில் கோயில் பாடல் குழு டிரம் அடித்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. வீட்டுக்கு வீடு நின்று ஒரு பாட்டு, குடிலுக்கு முன்னால் ஒரு ஜெபம். செசிலி நட்சத்திரத்துக்கு விளக்குப் போட்டு, தட்டில் முறுக்கும் கேக்கும் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இவர்கள் வந்து பாடிவிட்டால் போதும். அப்புறம் எவன் சொல்வான், என் பிள்ளை இல்லையென்று?

பக்கத்து வீட்டில் பாட்டு முடிந்தது. டிரம் மறுபடி முழங்கியது. இவள் வீட்டு வேலி வந்ததும் சட்டென்று நின்றுபோயிற்று. கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவன் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். இருபது பேரும் தலைகுனிந்து, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் வாசலைத் தாண்டினார்கள். மரியாதைதான் செய்தார்கள், பாவம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

"நில்லுங்கய்யா! நட்சத்திரம் எரியுறது கண்ணுக்குத் தெரியலையா? உள்ள வாங்க, குடில் இருக்கு!"

யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியாக வந்த அன்பரசன் மட்டும் நின்றான். அன்றைக்கு ஜெரோமோடு ஆற்றில் இறங்கியவன். நாலு மாசமாக அவன் எத்தனையோ தடவை பேச வந்தும் செசிலி படி ஏறவிடவில்லை. இப்போது அவன் கும்பிட்டான். கும்பிட்ட கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதான்.

செசிலி பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டைக் கீழே வைத்தாள். இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"எந்த எடத்துலடா போனான்?"

அவன் சொன்னான். மணல் அள்ளின பள்ளம், சுழி, எட்டாமல் போன கை, எல்லாம் சொன்னான்.

"என்னையக் கூப்பிட்டானா?"

"கூப்பிட்டாம்மா. ரெண்டு தடவ."

செசிலி அப்படியே தெருமண்ணில் உட்கார்ந்தாள். ஆடியில் அழ வேண்டிய அழுகையை அப்போதுதான் அழுதாள்.