ஒன்பது பூஜ்யங்கள்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. மேகமூட்டம், புழுக்கம், காற்றே இல்லை. காட்டாங்குளத்தூரில் என் மகள் ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கும் பல்கலைக்கழகத்தின் இரண்டாவது மாடியில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். நாற்பத்து நான்கு படிகள். என் மனைவி நடுவில் மூன்று முறை நின்றாள்.

மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர்கள் ஆகியோரின் மனநலம் பற்றி அங்கே ஓர் ஆய்வு. முதலில் ஆளுக்கொரு படிவம். சோர்வு தெரிகிறவர்களிடம் ஆலோசகர் ஒருவர் பத்து வாரம் இலவசமாகப் பேசுவார். பாதிப் பேருக்கு உடனே, மீதிப் பேருக்கு ஆறு மாதம் கழித்து, குலுக்கலில் முடிவாகும். மகள் எங்களைச் சேர்த்தது அவள் அம்மாவுக்காக. பொழிச்சலூரில் இருந்த தன் அக்கா ஜனவரியில் இறந்ததிலிருந்து என் மனைவி சர்ச் பாட்டுக் குழுவுக்குப் போவதில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்கி வழிவதைப் பார்த்தபடி நிற்பாள். நாற்பத்தேழு நாள் வரும் சிலிண்டர் முப்பத்தொன்பதில் தீர்ந்தது. கசிவு என்று நினைத்து ட்யூபை மாற்றினேன்.

"அவங்கவங்க படிவத்தை அவங்கவங்களே எழுதணும் சார்" என்றாள் ஆய்வில் வேலை செய்யும் பெண்.

"அவளுக்குக் கண்ணாடி கொண்டுவரலை. நான் எழுதறேன்."

எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு முதல் வங்கி வரை எல்லாப் படிவமும் நான்தான் எழுதுவேன்.

மகள் குனிந்து, "என்னப்பா, பரீட்சை ஹால்ல பிட் அடிக்கிறீங்களா?" என்றாள். பிறகு அவளுடைய படிவத்தில் மூழ்கிவிட்டாள்.

முதல் கேள்வியைத் தாழ்ந்த குரலில் வாசித்தேன். கடந்த பதினான்கு நாட்களில் எத்தனை நாள் மனம் சோர்ந்திருந்தது?

"எதையாவது எழுதுங்க" என்றாள் மனைவி.

பக்கத்து மேசைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பூஜ்யம் என்று எழுதினேன். மீதி எட்டையும் வாசிக்கவே இல்லை. முப்பத்து மூன்று வருடம் தணிக்கை அலுவலகத்தில் அடுத்தவர் போட்ட எண்களைச் சரிபார்த்தவன், ஒன்பது பூஜ்யங்களை நானே போட்டு, அவள் கையெழுத்தையும் வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் கடிதம் வந்தது. மகளுக்கும் எனக்கும் நன்றி. மனைவி நலமாக இருப்பதால் ஆலோசனை தேவைப்படவில்லை, அவளுக்கும் நன்றி.

மகள் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "என்னப்பா எழுதினீங்க?"

சொன்னேன்.

"மாடிப்படியக்கூட எண்ணினீங்களேப்பா."

சமையலறை வாசலில் வந்து நின்ற மனைவி, கோபமே இல்லாமல் சொன்னாள்: "இன்னொரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பதினாலு நாளும்னு."

மறுநாள் ஆய்வில் வேலை செய்யும் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"சேர்க்கை முடிஞ்சிடுச்சு சார். எழுதினதை இனிமே மாத்தவும் முடியாது. ஆனா நீங்க தள்ளிப்போடாதீங்க. உடனே ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க."

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவர். அங்கேயும் ஒரு தாள், ஏறக்குறைய அதே ஒன்பது கேள்விகள். என் கை தானாகச் சட்டைப் பையிலிருந்த பேனாவுக்குப் போனது.

"கொடுங்க" என்று மனைவி கையை நீட்டினாள். கண்ணாடியை அவளே எடுத்து வந்திருந்தாள்.

நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். பதினேழு நிமிடம் எழுதினாள். என்ன எழுதினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது; கேட்கவும் வாய் வரவில்லை.

பால் இப்போது வழிவதில்லை. பாட்டுக் குழுவுக்கு அவள் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மாடம்பாக்கம் வீட்டில் பாட்டுச் சத்தமே இருக்காது.

ஏழு முறை மருத்துவருக்கு ஆறாயிரத்து முந்நூறு. மாத்திரை மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஆட்டோ இரண்டாயிரத்து நூறு. காரணமில்லாமல் மாற்றிய சிலிண்டர் ட்யூப் நூற்றுத் தொண்ணூறு. ஆகப் பன்னிரண்டாயிரத்து இரண்டு ரூபாய்.