கரண்ட்டம்மாவின் இடது கண்

என் மனைவியைத் தெருவில் எல்லோரும் கரண்ட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, எது படுத்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும். அடுத்த கடை என்னுடைய தையல் கடை. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவள் பயப்பட வேண்டியதையும் சேர்த்து நானே பயந்துகொள்வதாக வருகிறவர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். பிறந்ததிலிருந்தே அவளுக்கு வலது கண்ணில் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். பொடிப் பாகங்களைப் பற்றவைப்பது, கணக்குப் பார்ப்பது, என்னை முறைப்பது எல்லாம் இடது கண்ணை நம்பித்தான். அப்படிப்பட்டவள் லேசரில் கை வைத்தால் கட்டியவனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

அதையும் எனக்காகத்தான் ஆரம்பித்தாள் என்பதுதான் கொடுமை. துணி வெட்ட மாதிரியாக வைக்கும் அளவு அட்டைகளை வெட்டி வெட்டி என் கட்டைவிரல் காய்த்துப்போயிருந்தது. ஒளியாலேயே அட்டையை வெட்டலாம் என்று சொல்லி, பழைய பிரிண்டரின் சட்டத்தை வைத்து ஒரு மெஷின் கட்டினாள். அதன் உயிர் ஒரு லேசர் டையோடு; சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதற்குக் கரண்டை அளந்து ஊட்ட டிரைவர் என்று ஒரு சர்க்யூட். அளவு மீறினால் டையோடு கருகிவிடும். கருகுவதற்கு முன்னால் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரியும். இதையெல்லாம் ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல் சொன்னாள். லேசரின் நீல ஒளியைத் தடுக்க ஆரஞ்சு நிறக் கண்ணாடி ஒன்று வைத்திருந்தாள். இன்னொன்று வாங்கு என்று நான் நச்சரித்தேன். வாங்கலாம், வாங்கலாம் என்றாள்.

மெஷினில் ஒரு கோளாறு இருந்தது. ஒளி நன்றாகத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். டிரைவரில் கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தொட முடியாதபடி கொதித்தது. தடிமனான அலுமினியக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து, டையோடையும் ரெகுலேட்டரையும் அதிலேயே திருகி, பழைய கம்ப்யூட்டர் விசிறியை எதிரே வைத்தாள். அப்படியும் சூடு இறங்கவில்லை. ரெகுலேட்டருக்கும் அலுமினியத்துக்கும் நடுவே கண்ணாடி மாதிரி மெல்லிய மைக்காத் தாள் ஒன்று இருந்தது. சூட்டை அதுதான் வழிமறிக்கிறது என்று முடிவுகட்டி, அதை உரித்துப் போட்டுவிட்டு, சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசையை நேராகத் தடவி முறுக்கினாள்.

அவள் அவசரக்காரி இல்லை. விலை கூடிய டையோடைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக மலிவான பாகங்களைக் கோத்த ஒரு பொம்மை டையோடை ஒயரில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தாள். மதியம் முழுக்க, கரண்டைக் காட்டும் மீட்டரின் முள் இருக்க வேண்டிய அளவைவிட்டு அசையவில்லை. அலுமினியம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "தொட்டுப் பாருங்க, காய்ச்சல் விட்ட நெத்தி மாதிரி இருக்கு" என்றாள். அத்தனை சந்தோஷமாக அவளைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. நானும் தொட்டுப் பார்த்துச் சிரித்தேன்.

பிறகு நிஜ டையோடைத் திருகினாள். நான் அவள் கடைக்குள் போய் நின்றதும், தான் போட்டிருந்த ஆரஞ்சுக் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டாள்.

"நீங்கதான் பயந்து சாவீங்க, போட்டுக்கோங்க. நான் மீட்டரைத்தான பார்க்கப்போறேன்."

அட்டை பறக்காமலிருக்க என் கத்தரிக்கோலை அதன்மேல் வைத்திருந்தாள். சுவிட்சைப் போட்டாள். எனக்கு ஒளி தெரியவில்லை; அந்தக் கண்ணாடி அதற்குத்தானே. அட்டையிலிருந்து குபுகுபுவென்று புகை எழுந்தது. மீட்டர் முள் ஓரத்தில் போய் முட்டியது. அவள் சுவிட்சுக்குக் கை நீட்டிக் குனிந்தாள். சுருண்ட அட்டை நகர்ந்து, கத்தரிக்கோலின் பளபளப்பான அலகு ஒளிக்கு நேராகத் திரும்பியது; அதில் பட்டு ஒளி அவள் பக்கம் தெறித்திருக்க வேண்டும். அவள் கை சட்டென்று முகத்துக்குப் போனது. அதற்குள் டையோடு தானாகவே செத்துவிட்டது.

எந்தக் கண் என்று கேட்டேன்.

"இடது" என்றாள்.

கண் ஆஸ்பத்திரியில் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு நடையில் உட்கார வைத்தார்கள். மருந்து ஏற ஏறப் பக்கத்திலிருப்பது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. என் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இவள் என் முகத்தைப் பார்ப்பாளா என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. அவளோ உதட்டுக்குள் என்னவோ முனகிக்கொண்டிருந்தாள்.

"மைக்காதாங்க" என்றாள் திடீரென்று. "கரண்ட் தாண்டாம தடுத்துட்டிருந்தது அதுதான். டையோடோட உடம்புலயும் கரண்ட் இருக்கு, ரெகுலேட்டரோட முதுகுலயும் இருக்கு. ரெண்டையும் ஒரே அலுமினியத்துல முறுக்கிட்டேன். அளந்து விடுற ரெசிஸ்டரைத் தாண்டி மொத்தமும் குறுக்க பாஞ்சிருக்கு. பொம்மை ஒயர்ல தொங்குச்சு, அலுமினியத்தைத் தொடவே இல்ல. அதான் டெஸ்ட்ல தெரியல."

இப்போது அது ரொம்ப முக்கியம் என்று சிடுசிடுத்தேன். அவள் என் சட்டைக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே பார்த்த டாக்டரம்மா, விழித்திரையின் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாகச் சுட்டிருக்கிறது, நடுவே பட்டிருந்தால் பார்வை போயிருக்கும் என்றார். வீக்கம் பரவாமல் இருந்தால் பிழைத்தோம். கட்டம் போட்ட தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, தினமும் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் அந்தப் புள்ளியையே பார்க்க வேண்டும். கோடு நெளிந்தாலோ, காணாமல் போன இடம் பெரிதானாலோ உடனே ஓடிவர வேண்டும். மருந்தின் வேகம் குறைந்ததும் அங்கேயே பார்க்கச் சொன்னபோது, ஒரு கட்டம் மட்டும் காணவில்லை என்றாள்.

மாதிரி வரைய நான் வைத்திருக்கும் கட்டத்தாளில் ஒன்றைச் சுவரில் ஒட்டினேன். தினமும் காலையில் எழுந்ததும் அதன் முன் போய் நிற்பாள். படுக்கையில் கிடந்தபடியே அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் உயிரைக் கையில் பிடித்திருப்பேன். "நேராத்தான் இருக்கு, அதே ஒண்ணுதான்" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் பல் தேய்க்கப் போவேன். கேலியெல்லாம்கூடத் திரும்பி வந்தது. உங்களுக்கும் ஒரு தாள் ஒட்டட்டுமா, எத்தனை தரம் பயந்தீங்கன்னு புள்ளி வைக்கலாம் என்றாள்.

ஒருநாள் அவளுக்கு முன்னால் எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அவள் முகம் தெரியும். அவள் தாளின் முன் வந்து நின்றாள். உள்ளங்கையால் கண்ணை மூடினாள். மூடியது இடது கண்ணை. கோடும் தெரியாத, கட்டமும் தெரியாத வலது கண்ணால் சுவரைப் பார்த்தபடி, "நேராத்தான் இருக்கு, அதே ஒண்ணுதான்" என்று, நான் இன்னும் அங்கேயே கிடப்பதாக நினைத்துப் படுக்கைப் பக்கம் சொன்னாள்.

கிட்டே போய் அவள் கையைப் பிடித்தேன். கோபமாகத்தான் கேட்க நினைத்தேன், கெஞ்சலாகத்தான் வந்தது.

"எத்தனை நாளா?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்தே. பார்த்து, பெருசாயிருந்துட்டா என்னங்க பண்றது?"

கரண்ட்டம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் அழுதேன். பிறகு அவள் கையை விலக்கிவிட்டு, என் உள்ளங்கையால் அவளுடைய வலது கண்ணை மூடினேன். இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். திற என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை.

அவளே திறந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒரு கட்டம் காணோம்" என்றாள். "அதே ஒண்ணுதான்."

அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் வலது கண்ணை மூடுவது என் கைதான்.