என் மனைவி பெயருக்கு நேராக நான் போட்ட டிக்

நம் ஆண்டவரை நம்பி வாழும் உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொல்லி இதை எழுதுகிறேன்.

போன வருஷம் அறுப்பின் பண்டிகை முடிந்து மூன்றாம் வாரம், என் மனைவி தங்கபுஷ்பத்துக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று டாக்டர் அம்மா சொன்னார். புஷ்பம் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது. தலையை நிமிர்த்தி அந்த டாக்டர் அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். நான் நாலாம் வகுப்புவரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லாமல் சொல்லிவிடுகிறேன்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். பதிமூன்று வயதில் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ரயிலேறி மும்பைக்கு வந்தேன். தாராவியில் ஒரு தோல் கார்கானாவில், அதாவது பட்டறையில், கூட்டிப் பெருக்கினேன். இன்றைக்கு எனக்கே சொந்தமாக இரண்டு கார்கானா. பதினெட்டுப் பேர் என்னிடம் பெல்ட்டும் பர்ஸும் தைக்கிறார்கள். எவனும் எனக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. சபைக் கமிட்டியில் இருபது வருஷமாக இருக்கிறேன். ஆலயத்தின் முன்பக்க இரும்புக் கதவு நான் போட்டது. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் இத்தனை வருஷமும் பெருமைக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதிலும் ஒரு பெருமை பெரிய பெருமை. ஒவ்வொரு வருஷமும் என் பிறந்தநாள் வரும் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொல்வேன், வயது மட்டும் மாறும். "அறுபத்தெட்டு வயசாச்சி. இந்த ஒடம்புல ஒரு ஊசி ஏறினதில்ல. ஒரு மாத்திரை உள்ள போனதில்ல. ஜெபம் நடக்குற வீட்டுக்கு டாக்டர் எதுக்கு?" சபை ஆமென் சொல்லும். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதே வாயில்தான் வாரத்தில் ஆறு நாளும் காலையிலிருந்து வெற்றிலையும் புகையிலையும் அடக்கி வைத்திருந்தேன். அதைச் சாட்சியில் சொன்னதில்லை.

புஷ்பத்துக்கு நோய் தெரிவதற்கு முந்தின வருஷம் ஜூன் மாதம், மழை தொடங்கின சமயம், ஒரு ஆஸ்பத்திரியைச் சேர்ந்தவர்கள் நம் ஆலய மண்டபத்தில் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடத்தக் கேட்டார்கள். வியாதி இல்லாதவர்கள்தான் வர வேண்டும், வியாதி வந்த பிறகு வருவதற்குப் பெயர் பரிசோதனை இல்லை என்று போதகர் ஐயா விளக்கிச் சொன்னார். பெண்களுக்கு மார்பையும் கர்ப்பப்பை வாயையும் பார்ப்பார்கள். ஆண்களுக்கு வாயைத் திறந்து பார்ப்பார்கள். பணம் கிடையாது. ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு.

இரண்டு வாரம் ஆகியும் ஒரு பெண்ணும் பெயர் கொடுக்கவில்லை. காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். நம் சபையில் யாருக்கு என்ன சுகவீனம் என்றாலும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சீட்டில் எழுதிக் கொடுத்த பெயரையும் வியாதியையும் வாசித்து ஜெபிப்போம். நல்ல வழக்கம். ஆனால் புற்றுநோய் என்று ஒரு பெண்ணின் பெயரை வாசித்துவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளையைப் பெண் பார்க்க வருகிறவர்கள் ரயில் கடைசியில் இருக்கிற கல்யாண் ஊர் வரைக்கும் விசாரிப்பார்கள். அந்தச் சீட்டுகளை வாசிக்கிறவன் நான். என்னைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்கள். அப்போது அது எனக்குப் புரியவில்லை.

நான் ஒரு யோசனை செய்தேன். மண்டபத்து வாசலில் மேசை போட்டு, பெயர்ப் பட்டியலில் முதல் பெயராக என் மனைவி பெயரை எழுதினேன். முகாம் அன்று காலையில், பெண்கள் வரும் முன்பே, பரிசோதனை முடிந்தது என்ற கட்டத்தில் அவள் பெயருக்கு நேராக நானே டிக் போட்டேன். கமிட்டிக்காரர் மனைவியே போய் வந்துவிட்டாள் என்று பார்த்தால் மற்றவர்கள் வருவார்கள் அல்லவா. வந்தார்கள். சாயங்காலத்துக்குள் நாற்பது பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். போதகர் ஐயா எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என் மனைவியோ காலையிலிருந்து ஆலயத்துப் பின்புறம் அடுப்படியில் இருந்தாள். டாக்டர்மார்களுக்கு மீன் குழம்பு வைக்கச் சொல்லியிருந்தேன். மத்தியானம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"ஏங்க, கூட்டம் கொறஞ்சிருக்கு. நானும் ஒரு எட்டு போயி காட்டிட்டு வந்துரட்டா?"

"ஒனக்கு என்னட்டி கேடு? கல்லு மாதிரி இருக்க. ஒன் பேருலதான் டிக் போட்டாச்சே. இப்ப போயி வரிசையில நின்னா என்ன நெனப்பாவ?"

அவள் மறுபடியும் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் ஒரு தரம் சொன்னதை அவள் மறு தரம் கேட்டதே இல்லை. அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான்.

ஒரு மாதம் கழித்து முகாமின் நர்ஸ் பெண் போன் செய்தாள். கல்யாணிலிருந்து ரயிலில் வந்து போகும் தமிழ்ப் பெண். "அங்கிள், ஆன்ட்டி பேருக்கு டிக் இருக்கு, ரிப்போர்ட் மட்டும் எங்க ஃபைல்ல காணோம். ஏக் பார், ஒரே ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேன், பத்து நிமிஷ வேலை." நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெளியே வேறு டாக்டரிடம் பார்த்துவிட்டோம், எல்லாம் நார்மல் என்றேன். ஆலயத்து மண்டபத்திலேயே நின்றுகொண்டு சொன்னேன்.

என் தொழிலில் ஒரு தோலை வெட்டும் முன் விளக்கு வெளிச்சத்தில் நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பேன். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அதில் எனக்குப் பேர் உண்டு. என் பக்கத்தில் இருந்த மனுஷியை நான் பார்க்கவே இல்லை.

ஒரு வருஷமும் மூன்று மாதமும் போனது. போன வருஷ அறுப்பின் பண்டிகை. காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடிந்து சாட்சி நேரத்தில் செல்லக்கனி எழுந்தாள். மாஹிம் பக்கம் இரண்டு வீட்டில் சமையல் வேலை செய்கிற விதவை. அந்த முகாமில் அவள் மார்பில் ஒரு சின்னக் கட்டியைக் கண்டுபிடித்து, அறுவை செய்து, சிகிச்சை கொடுத்து, சுகமாக அனுப்பியிருந்தார்கள். யாருக்கும் தெரியாமலே முடித்திருந்தாள். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

"நான் அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போயிட்டேன். வெக்கமா இருந்துச்சி. அப்பறம் அந்த மேசையில பாத்தேன். தங்கபுஷ்பம் அக்கா பேரு மொதல்ல இருந்துச்சி, டிக் போட்டிருந்துச்சி. அக்காவே உள்ள போயிட்டு வந்துருக்காவ, எனக்கென்ன வெக்கம்னு உள்ள போனேன். அக்கா, நீங்க நல்லாருக்கணும்."

பெண்கள் பக்கம் எல்லாரும் புஷ்பத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கைதட்டினார்கள். அவள் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அவள் அன்றைக்கு அடுப்படியில்தான் இருந்தாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அதற்கப்புறம் பாட்டுப் பாடினார்கள். நான் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். ஆண்டவர் என் பொய்யை எடுத்து ஒருத்தியை உயிரோடு வைத்திருக்கிறார், அந்தப் பொய்யை வைத்து நான் என் பெண்டாட்டிக்குக் கதவை அடைத்திருக்கிறேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னேன். "ஏட்டி, நாளைக்கு காலையில டாக்டர்ட்ட போவோம். நீயும் காட்டணும்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் இல்லாமல் அழுதாள். "நாலு மாசமா படுதுங்க" என்றாள். "என்ன படுது?" என்று கேட்டேன். மாதவிலக்கு நின்று பத்து வருஷம் ஆனவளுக்கு நாலு மாதமாக உதிரம் படுகிறது. துணியைத் தனியாகத் துவைத்து, நான் கார்கானாவுக்குப் போன பிறகு காயப்போட்டு, நான் வருமுன் எடுத்து வைத்திருக்கிறாள்.

"என்ட்ட சொன்னா என்ன?"

"ஜெபம் நடக்குற வீட்டுக்கு டாக்டர் எதுக்குன்னு மைக்ல சொல்லுதிய. நான் போயி நின்னா ஒங்க சாட்சி என்னத்துக்கு ஆகும்? அதான் ஆண்டவர்ட்ட மட்டும் கேட்டேன். அவுக வாயாலேயே என்னைப் போன்னு சொல்லவைங்க ஆண்டவரேன்னு. தெனமும் அதுதான் கேட்டேன்."

அருமையானவர்களே, ஜெபம் கேட்கப்பட்டது என்று நான் சாட்சி சொல்ல வந்தது இந்த ஜெபத்தைத்தான். என் ஜெபம் இல்லை. நான் மைக்கில் அரைமணி நேரம் ஜெபிக்கிறவன். அவள் அடுப்படியில் ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டதை ஆண்டவர் செய்தார். அதைச் செய்வதற்கு என்னைச் சபை நடுவே வெட்கப்படுத்த வேண்டியிருந்தது.

சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, புற்றுநோய்தான் என்றார்கள். டாக்டர் அம்மா கேட்டார், "இதுக்கு முன்னாடி எப்பவாவது செக் பண்ணியிருக்கீங்களா?" புஷ்பம் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் இல்லை என்றேன். நடந்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "போன வருஷமே பார்த்திருந்தா ஒருவேளை சின்ன சிகிச்சையிலயே முடிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

நோய் வேறு இடத்துக்குப் பரவியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வர நாலு நாள். அந்த நாலு நாளும் எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நிற்பேன். நான் செய்ததுக்கு அவளைத் தண்டிக்காதேயும் என்று மட்டும் வரும். ஐந்தாம் நாள், பரவவில்லை என்றார்கள். அறுவை செய்தார்கள். பிறகு ஐந்து வாரம் கரண்ட் வைத்தார்கள். அந்தக் கதிர் சிகிச்சைக்கு அவளை டாக்சியில் கூட்டிப் போவேன். வரும்போது வாந்தி எடுப்பாள். கஞ்சி நான் வைத்தேன். உப்பு எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு அவள் சுகமாக இருக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பரிசோதனைக்குப் போகிறோம். ஆண்டவருக்கே மகிமை.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு சபை நடுவில் நின்று அந்த டிக்கைப் பற்றிச் சொன்னேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. வெளியே வந்ததும் செல்லக்கனி என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க போட்ட பொய் டிக்குலதான் நான் உயிரோட இருக்கேன். அதுக்காக ஒங்களுக்கு நன்றி சொல்லமாட்டேன். அக்காவுக்குத்தான் சொல்லுவேன்."

"சொல்லு தாயி" என்றேன்.

இந்த வருஷ முகாமில் ஆண்கள் வரிசையில் முதல் ஆளாக நான் நின்றேன். அதே நர்ஸ் பெண் டார்ச் அடித்து, "அங்கிள், பெரிசா வாயைத் திறங்க. சபையில திறக்கிற மாதிரி" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கன்னத்தின் உட்பக்கம் ஒரு வெள்ளைப் படலம் இருந்தது. இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆகலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே புகையிலையை விட்டேன். இரண்டு முறை மறுபடியும் போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது ஐந்து மாதமாகப் போடவில்லை. எனக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் சோதனை உண்டு. வெள்ளிக்கிழமைச் சீட்டில் இனிமேல் வியாதியின் பெயரை வாசிப்பதில்லை. சுகத்துக்காக என்று மட்டும் வாசிக்கிறோம்.

போன மாதம் புஷ்பத்திடம் சொன்னேன், "ஒன் ஜெபத்தை ஆண்டவர் கேட்டாரு பாத்தியா, என் வாயாலேயே சொல்லவச்சிட்டாரு." அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கேட்டாரு. ஆனா நான் ஏன் ஒங்க வாய்க்காகக் காத்துக்கிட்டு கெடந்தேன்னுதான் இப்ப யோசிக்கேன். நேரா காலுல செருப்பை மாட்டிட்டுப் போகவேண்டியதுதான."

அவள் சொன்னதை உங்களுக்கே எழுதுகிறேன். சகோதரிகளே, யார் வாயிலிருந்தும் அனுமதி வரும் என்று காத்திருக்க வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே போங்கள். உதிரம் பட்டாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ முகாம் வரட்டும் என்றுகூட இருக்கவேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஆண்களே, உங்கள் வாயை முதலில் டாக்டரிடம் திறந்து காட்டுங்கள். நம்புகிறவன் பரிசோதனைக்குப் போகலாமா என்று கேட்கிறவர்கள் என்னிடம் வாருங்கள். நம்பித்தான் போகிறோம். அடுத்த முகாமின் பெயர்ப் பட்டியல் ஆலயத்து வாசலில் இருக்கிறது. பெயரை நீங்களே எழுதுங்கள். டிக்கை நர்ஸ் போடட்டும்.