ஏழு மாடிக்கு ஒரே கதவு

கணினித் திரையில் ஒரு தூணைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருக்கையில் தொலைபேசி அடித்தது. தர்சிகன் கோட்டைப் பாதியில் விட்டான்.

"தம்பி, குறை நினையாதையும்," என்றார் அருட்பிரகாசம். அவன் வீட்டை வாங்க இருந்தவர். "பாங்க் லோன் தராதாம். வெளிச்சுவர் நெருப்புப் பிடிக்கிற சாமானாம்."

"அதைத்தானே அண்ணை கழட்டப் போகினம்."

"எப்ப?"

"தெரியேல்லை."

"கழட்டட்டும். நான் மோர்டனிலை வேறை ஒண்டு பாத்திட்டன்."

ஏற்கெனவே கழற்ற வந்தவர்கள் சாரம் கட்டி, கட்டடம் முழுவதையும் வெள்ளை விரிப்பால் மூடினார்கள். செலவு யாருடையது என்று வழக்கு வந்தது. விரிப்பை அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். லண்டன் கோலியர்ஸ் வுட்டில், நான்காம் மாடியிலிருந்த அவன் வீட்டில், பகலிலும் விளக்கு எரிந்தது.

ஒன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். ஹவுன்ஸ்லோவில் ஓர் அறையில் ஐந்து பேராக வளர்ந்தான். பெரிய சன்னலுக்கு ஆசைப்பட்டே இந்த வீட்டை வாங்கினான். இப்போது மனைவி மேனுஷா ஆறு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறக்குமுன் விற்றுவிட்டு வெளியேற நினைத்திருந்தான்.

அவன் வேலையும் வீட்டு முகப்புகள்தான். கொரியாவின் பழைய மரவீடுகள் இடிபடுமுன் படமெடுத்து அனுப்புவார்கள். இது தூண், இது கதவு என்று நிறம் பிரித்துக் காட்டுவான். ஆயிரக்கணக்கில் பார்த்துக் கணினி தானே கற்றுக்கொள்ளும். அந்த வீடுகளில் கதவென்பது மரச்சட்டத்தில் ஒட்டிய வெள்ளைக் காகிதம். அதனால் கொடியில் காயும் படுக்கைவிரிப்பையும் கணினி கதவென்றது. அவன் திருத்திக்கொண்டே இருந்தான்.

"என்னவாம்?" மேனுஷா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"வேண்டாமாம்."

"நல்லது. வெளிச்சம் எண்டா என்னெண்டு பிள்ளை உங்கட கொம்பியூட்டரிட்டைக் கேட்டுப் படிக்கட்டும்."

அவன் இறங்கிப்போய், தெருவில் நின்று கட்டடத்தைப் படமெடுத்தான். திரும்பி வந்து கணினிக்குக் கொடுத்தான்.

முகப்பு முழுவதும் நீலமானது. நீலம் கதவுக்குரிய நிறம். விரிப்பினூடே தெரிந்த சாரக்குழாய்களைச் சட்டங்களென்று எடுத்துக்கொண்டது. சுவர் இல்லை, சன்னல் இல்லை. தரையிலிருந்து ஏழாம் மாடிவரை ஒரே கதவு.

மேனுஷா வயிற்றைத் தாங்கியபடி எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன நீலம்?"

"கதவாம்."

"அப்ப திறவுங்கோவன்."

மறுநாள் மழை. வீட்டு முகவர் விளம்பரத்தை எடுத்துவிட்டதாகச் சொன்னார். மேனுஷா கிளினிக் போய் வந்தாள். பிள்ளை நன்றாக இருந்தது. தர்சிகன் அந்தப் படத்தைத் திருத்த வேண்டியவற்றோடு சேர்த்து, நீலத்தை அழித்து, கதவு அல்ல என்று குறித்தான். பிறகு பாதியில் விட்ட தூணை முடித்தான்.