கோல்ஃப் மட்டைக்கு ஒரு பொட்டு

சென்ற வாரம் ஒரு நாள் முழுக்க நான் கேடியாக இருந்தேன். சிரிக்க வேண்டாம்... கோல்ஃப் ஆட்டக்காரருக்குப் பின்னால் மட்டைப் பையைச் சுமந்து நடப்பவருக்கு அதுதான் பெயர்.

பிரிக்பீல்ட்ஸில் மூன்றாம் மாடி வீட்டுக்கு அரிசிப் பையை ஏற்றவே ஆள் தேடுகிறவன் நான். எனக்கு எப்படி இந்த உத்தியோகம்? கிள்ளானில் இருக்கும் என் அக்கா மகள் தேவிகா தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரி. அவளுடைய வழக்கமான கேடிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அக்கா உடனே போன் போட்டாள்.

"டேய் தம்பி, நீ சும்மாதானே இருக்கே?"

பத்தி எழுதுகிறவன் சும்மா இருப்பவன் என்பது எங்கள் குடும்பத்தில் எப்போதோ தீர்ப்பாகிவிட்ட விஷயம். மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

தொழில்முறை கோல்ஃப் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றும்? டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர்கள், பளபளக்கும் கார்கள், ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸ்... எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தேவிகாவைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் புரிந்தது — அது கிட்டத்தட்ட அவள் அப்பா பார்த்த வேலை. அத்தான் லோரி ஓட்டியவர். இவளுக்கும் வாரத்துக்கு ஓர் ஊர். இன்று தாய்லாந்து, அடுத்த வாரம் இந்தோனேசியா. இன்னொரு ஆட்டக்காரியோடு பங்கு போட்ட மலிவான அறை. குளியலறை வாளியில் துவைத்து, ஃபேனுக்குக் கீழே காயப்போட்ட டி-ஷர்ட். முதல் இரண்டு நாள் நன்றாக ஆடினால் மீதி ஆட்டம். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு.

ஊரில் இருக்கும் நாட்களில் ஷா ஆலமில் ஒரு பயிற்சித் திடலில் ஆன்டிகளுக்கும் முதலாளிகளுக்கும் மட்டை பிடிக்கக் கற்றுத் தருவாள். கல்யாண வீட்டுக்குப் போனால் அதே கேள்வி: "கோல்ஃப் எல்லாம் சரிம்மா... வேலை என்ன பண்றே?"

இந்த முறை விஷயம் கொஞ்சம் கடுமை. அடுத்த ஆண்டுப் போட்டிகளில் ஆட அவளுக்கு அனுமதி அட்டை வேண்டும். அதற்கான தகுதிச் சுற்றின் கடைசி நாள் அது. முதல் இருபது பேருக்குத்தான் அட்டை. அவளோ இருபதைத் தொட்டும் தொடாமலும் நின்றாள். கிடைக்காவிட்டால் மட்டைகளைக் கட்டி வைத்துவிட்டு, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை ஆபீஸில் வேலைக்குச் சேர்வதாக அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

காலையில் அக்காவும் கூடவே வந்தாள். முழங்கால் வலி. "நான் இங்கேயே இருக்கேன், நீங்க போய் ஜெயிச்சிட்டு வாங்க" என்று கார் நிறுத்துமிடத்து மர நிழலில் உட்கார்ந்துவிட்டாள்.

முதல் அடி. பையிலேயே நீளமான மட்டைக்கு டிரைவர் என்று பெயர். அதன் தலைக்குக் குல்லா போட்டிருப்பார்கள். நான் பவ்யமாகக் குல்லாவைக் கழற்றினேன். மட்டையின் முகத்தில் சந்தனம், நடுவே குங்குமம். பளிச்சென்று, லட்சணமாக இருந்தது. அப்படியே எடுத்து நீட்டினேன்.

ஏன் துடைக்கவில்லை என்கிறீர்களா? யோசித்துப் பாருங்கள்... தமிழன் கண்ணுக்குப் பொட்டு வைத்த முகம் எப்போது வித்தியாசமாகத் தெரிந்திருக்கிறது?

தேவிகா எதிரே இருந்த புல்வெளியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கையை நீட்டினாள், வாங்கினாள், அடித்தாள். பந்து அழகாகப் பறந்தது. மட்டைக்கு மறுபடி குல்லா மாட்டினேன். வெற்றி வீரனைப் போல அவள் பின்னால் நடந்தேன்.

பந்து கிடந்த இடத்துக்குப் போனோம். வெள்ளைப் பந்தில் சிவப்பாக ஒரு தீற்றல்.

"மாமா, இது என்ன?"

குல்லாவைப் பிடுங்கி மட்டையைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ அம்மா!" என்றாள், கார் நிறுத்துமிடத்துப் பக்கம் திரும்பி.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. அக்கா வீட்டில் சாமிக்கு விளக்கேற்றிய கையோடு மட்டைகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறாள். வைத்துவிட்டு, குல்லாவையும் ஒழுங்காக மாட்டியிருக்கிறாள். அக்கா எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல.

"இதுல என்னம்மா தப்பு?"

"பந்து நல்லா போறதுக்காக மட்டையில எதையாவது பூசியிருந்தா, போட்டியிலேர்ந்தே தூக்கிடுவாங்க மாமா."

மெல்லக் கைக்குட்டையை எடுத்தேன். "தொடச்சிட்டு நடம்மா. யாரு பார்த்தா?"

"நான் பார்த்தேன் மாமா."

சொல்லிவிட்டு, கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டாள்.

விசித்திரமான ஆட்டம் இது. மற்ற ஆட்டங்களில் நடுவர் கண்ணில் மண்ணைத் தூவுவது பாதித் திறமை. இங்கே ஆட்டக்காரரே கை தூக்கித் தன்மேல் புகார் கொடுக்கிறார். நம் அரசியலுக்கு இந்த விதி வந்தால்... சரி, வேண்டாம். விஷயத்துக்கு வருகிறேன்.

நடுவர் சின்ன வண்டியில் வந்து இறங்கினார். மலாய்க்காரர், கண்டிப்பான மீசை. மட்டையை வாங்கினார், நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார்.

"சென்டானா?" என்றார். மலாயில் சந்தனத்துக்கு அதுதான் பெயர்.

"ஆமா துவான். எங்கம்மா நேத்து வீட்டுல வெச்சிருக்காங்க. எனக்குத் தெரியாது. ஒரு அடி அடிச்சிட்டேன்" என்றாள் தேவிகா.

நடுவர் என் பக்கம் திரும்பினார். "எதுக்கு வெச்சாங்க? பந்து நல்லா போகவா?"

இதைவிடக் கஷ்டமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஆமாம் என்றால் தேவிகா வெளியே. இல்லை என்றால்... பிறகு எதற்குத்தான் வைக்கிறோம்? பொட்டுக்குச் சக்தி உண்டா இல்லையா என்று, இரண்டாயிரம் வருடமாகப் பெரியவர்கள் முடிக்காத வழக்கை, வெயிலில் தோளில் பையோடு நான் முடித்துவைக்க வேண்டும்!

"துவான், எங்கக்கா வீட்டுல வாஷிங் மெஷினுக்கும் பொட்டு வைப்பாங்க. அதனால துணி வெளுத்ததில்ல. எங்கத்தான் லோரிக்கும் வெச்சாங்க. கிள்ளான் ஜாம்ல அது ஒரு நாளும் வேகமாப் போனதில்ல. எங்களுக்குச் சோறு போடுற சாமானுக்கு நாங்க குடுக்கிற மரியாதை துவான்... அவ்வளவுதான்."

அவர் சிரிக்கவில்லை. வாக்கி டாக்கியை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டார்.

"எண்ணெய்ப் பசை இருக்கா?" என்றது கரகரத்த குரல்.

"இல்ல. காஞ்ச பொடி."

"எப்ப பூசினாங்க?"

"நேத்து, வீட்டுல. சாமி முன்னால. பிளேயருக்குத் தெரியாது. அவங்களேதான் கூப்பிட்டுச் சொன்னாங்க."

அந்தப் பக்கம் விதிப் புத்தகத்தின் தாள்கள் புரளும் சத்தம். உடன் ஆடிய தாய்லாந்துப் பெண் குனிந்து, நன்றாகவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். தேவிகா அசையாமல் நின்றாள். நான் கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன் — யாருடைய குங்குமத்துக்குப் பந்தை நகர்த்தும் சக்தியில்லை என்று இப்போதுதான் சாட்சி சொன்னேனோ, அதே சாமியிடம்.

"பெனால்டி இல்ல. எல்லாத்தையும் தொடச்சிட்டு ஆடச் சொல்லு."

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, எழுந்திரிங்க. கேடி உக்காரக் கூடாது."

நடுவர் மட்டையைத் திருப்பிக் கொடுத்தார். இப்போதுதான் மீசைக்கடியில் லேசான சிரிப்பு. "எங்க பக்கத்து வீட்டுக்காரரும் லோரி டயருக்கடியில எலுமிச்சம்பழம் வைப்பாரு. அந்த லோரி இன்னும் காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது லா" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

ஒவ்வொரு குல்லாவாகக் கழற்றித் துடைத்தேன். பந்தைக் குழிக்குள் தள்ளும் சின்ன மட்டைக்குக்கூடச் சின்னதாக ஒரு பொட்டு இருந்தது.

அதன் பிறகு தேவிகா ஆடிய ஆட்டத்தை விவரிக்கும் அறிவு எனக்கில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. வேலையே போய்விட்டது என்று ஒரு தடவை நினைத்துவிட்ட ஆளுக்கு, அதற்குப் பிறகு மணல் பள்ளமும் பயமில்லை, குளமும் பயமில்லை. பதினேழாவது இடம். அட்டை கிடைத்தது.

"இன்னும் ஒரு வருஷம் மாமா" என்றாள். பையின்மேல் உட்கார்ந்து அந்தத் தொழிற்சாலைக்கு மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினாள்.

கார் நிறுத்துமிடத்தில் அக்கா மகளைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். கண்ணைத் துடைத்ததும் முதல் வேலையாகக் குல்லாவைக் கழற்றிப் பார்த்தாள்.

"பொட்டை யாருடா தொடச்சது?"

"நான்தான்க்கா."

"அதானே பார்த்தேன்! தொடைக்காம விட்டிருந்தா பந்து இன்னும் நல்லா போயிருக்கும்... மொத எடமே வந்திருப்பா!"

நல்லவேளை, நடுவரின் வண்டி அப்போதுதான் வளைவு திரும்பி மறைந்திருந்தது.