முழங்கை ஊன்றிய இடம்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில், மெட்ரோ தூண்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சுப்பராயன் ஜவுளிக்கடையை வெளியே நின்று பார்த்தால் யாருக்கும் மரியாதை வராது. உள்ளே போனால்தான் வாய் பிளக்கும். கூரை வரை தேக்கு அலமாரிகள். மேல்தட்டுத் துணியை எடுக்க உருண்டு ஓடும் ஏணி. கடை நீளத்துக்கு ஒரு மர மேசை. சேலையைத் தோளில் போட்டுப் பார்க்க எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. ஞானகுமாரி இங்கே சேல்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. இப்போது முட்டிவலியால் ஏணி ஏறுவதில்லை. மற்றபடி கடையே அவள் கையில்தான்.

மேசையின் வாசல்பக்க முனையில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. வந்தவர் போனவர் முழங்கை ஊன்றித் தேய்ந்த பள்ளம். அதில் பெரும்பங்கு அவள் கணவர் கிறிஸ்துதாஸுடையது. ஆவடியில் ஷிப்ட் முடிந்ததும் நேரே இங்கே வந்து, அவள் உள்பக்கம் துணி மடித்து முடிக்கும்வரை அந்த முனையில் ஊன்றி நிற்பார். "உள்ள வந்து உக்காரக் கூடாதா?" என்று அவள் கேட்டால், "இங்க நின்னாத்தான் பஸ் வர்றது தெரியும்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். மனுஷனுக்குப் பெண்டாட்டியைவிட பஸ்தான் முக்கியம் என்று அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

அவர் போய் மூன்று வருஷமாகிறது. குத்தம்பாக்கத்து வீட்டில் அவர் இல்லை என்பது அவளுக்குப் பழகிவிட்டது. கடையில்தான் பழகவில்லை. சாயங்காலமானால் கை துணியை மடிக்கும், காது வாசலில் இருக்கும். உள்ளே நின்றபடி கையை நீட்டி அந்தப் பள்ளத்தைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள்.

முதலாளி காலமான பிறகு அவர் மகன் விக்ரமுக்குக் கடை நடத்தத் தெம்பில்லை. அம்பத்தூரில் பிளாட், கம்ப்யூட்டர் வேலை. செல்போன் ஷோரூம்காரர் ஒருவர் எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டுவிட்டு வரத் தயாராக இருந்தார். அதற்குள், பழைய கடைகளின் உட்புறத்தைக் காப்பாற்றித் தரும் பவ்யா என்ற ஆர்க்கிடெக்ட் கண்ணில் பட்டாள்.

"சனிக்கிழமை வந்து பாக்குறாங்க குமாரிக்கா. அவங்களுக்குப் பிடிச்சா ஓர் ஆணியைக்கூடப் பிடுங்க மாட்டோம். காபிக்கடை வைக்க ஆள் இருக்கு. பிடிக்கலன்னா போன் கடைதான்" என்றான் விக்ரம்.

ஞானகுமாரிக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. விருந்தாளி வருகிறார் என்றால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? அவள் வீட்டில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குச் செய்ததைத்தான் கடைக்கும் செய்தாள். பெயின்டர் துலுக்கானத்தைக் கூப்பிட்டாள்.

"கவலப்படாதக்கா, சும்மா கல்யாணப் பொண்ணு மாரி ஆக்கிட்றேன்" என்று அவன் அலமாரி, ஏணி, மேசை எல்லாவற்றையும் சாக்லெட் நிறத்தில் பளபளக்க வைத்தான். மேசை முனைக்கு வந்ததும் அவள் குறுக்கே கையை வைத்தாள்.

"இத வுட்டுடு."

"இன்னாக்கா, இது மட்டும் சொறி புட்ச்ச மாரி கீதே!"

"வுடுன்னா வுடு."

சனிக்கிழமை பவ்யா உள்ளே வந்தாள். பெயின்ட் வாசனையில் அப்படியே நின்றுவிட்டாள். விக்ரம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நல்லா இருக்காம்மா?" என்றாள் ஞானகுமாரி, பெருமையாக.

"பழசை அப்படியே பாக்கத்தான் வந்தேன்மா" என்றாள் பவ்யா. கோபம் இல்லை, குரல்தான் இறங்கிவிட்டது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் கதை கிறிஸ்தவர் வீட்டிலும் நடக்கும் போலிருக்கிறது. இனி போன் கடைதான், என் கையாலேயே அவர் நிற்கும் இடத்தை அழித்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டாள் ஞானகுமாரி.

பவ்யா மேசையோரமாக நடந்து முனையில் நின்றாள். பள்ளத்தில் விரலை வைத்தாள். "இங்க மட்டும் ஏன் அடிக்கல?"

"அது என் வீட்டுக்காரர் நிக்கிற இடம்மா."

பவ்யா விக்ரமைப் பார்த்துச் சொன்னாள்: "பெயின்ட்டைச் சுரண்டிடலாம். கைபட்டுக் கைபட்டு வந்த மெருகும் அதோட போயிடும். ஆனா மரம் நல்லா இருக்கு. மெருகு இந்த ஒரு இடத்துல தப்பிச்சிருக்கு. எடுத்துக்கறோம்."

கடை பிழைத்தது. காபிக்கடை திறந்தபோது ஞானகுமாரியும் போனாள். அலமாரியில் துணிக்குப் பதில் கோப்பைகள். ஏணி இருந்தது, கண்ணாடி இருந்தது. மேசை முனைப் பள்ளத்தின் மேல் ஒரு கண்ணாடிப் பலகையைப் பித்தளைத் திருகு போட்டு இறுக்கியிருந்தார்கள். தொட நீட்டிய விரல் பலகையில் முட்டி நின்றது.

உள்பக்கம் இனி அவளுக்கு இடமில்லை. வெளிப்பக்கம், அவர் நின்ற பக்கம் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அங்கே நிற்பது இதுதான் முதல் தடவை. கண்ணாடிப் பலகைமேல் முழங்கையை ஊன்றி, பஸ் வருகிறதா என்று பார்த்தாள்.

ரோடு தெரியவில்லை. வாசலோர அலமாரி மறைத்தது. அந்தக் காலத்து அலமாரி, அன்றைக்கும் அங்கேதான் இருந்தது. அங்கிருந்து தெரிந்தது எதிர்ச்சுவர்க் கண்ணாடி ஒன்றுதான். அதில், அவள் துணி மடித்த இடம் முழுசாகத் தெரிந்தது.

"ஆன்ட்டி, அதுமேல சாயாதீங்க, பழசு" என்றாள் காபி கொண்டுவந்த பெண்.

"சரிம்மா" என்றாள் ஞானகுமாரி. கையை எடுக்கவில்லை.